தாலுகா ஆஸ்பத்திரியில் விபத்து சிகிச்சைப் பயிற்சி: இரண்டு நாள் வகுப்பால் சாவு குறையுமா?

தாலுகா_சிஸ்டர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு தாலுகா மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ராத்திரி ட்யூட்டியில் ஒரு டாக்டர், நர்ஸ் இரண்டு பேர், ஒரு எம்.என்.ஓ. (ஆண் நர்ஸிங் உதவியாளர்). அவ்வளவுதான். சர்ஜனைப் போன் போட்டு வரவழைக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் கிடையாது. ரத்தம் சேமித்து வைக்கும் யூனிட் ஒன்று இருக்கிறது, ஆனால் பிரசவ கேஸுக்கே அது பல நாள் போதாது. மெடிக்கல் காலேஜ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சனி, ஞாயிறு ராத்திரிகளில் பைக் கேஸ் வராமல் இருந்ததில்லை. தலைக்காயம், தொடை எலும்பு முறிவு, வயிற்றில் அடி. ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, கட்டுப் போட்டு, ரெஃபர் சீட்டு எழுதி 108-ல் அனுப்பி வைக்கிறோம். அப்புறம் அந்த ஆள் என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது.

இப்போது எங்களுக்கு இரண்டு நாள் விபத்து சிகிச்சைப் பயிற்சி நடத்தலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. எங்கள் டாக்டர் ஒருவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. “சர்ஜன் இல்லை, ரத்தம் இல்லை, ஸ்கேன் இல்லை. வகுப்பு நடத்தி என்ன ஆகப் போகிறது? அந்தப் பணத்துக்கு ஒரு மானிட்டர் வாங்கலாம்” என்கிறார். அவர் வேலைக்குப் பயந்தவர் இல்லை, ராத்திரி முழுக்க நின்றபடி கேஸ் பார்ப்பவர். அதனால்தான் அவர் சொல்வதைச் சட்டென்று ஒதுக்க முடியவில்லை.

நம்மைப் போன்ற நாடுகளில், எங்களைப் போன்ற இடங்களில், பயிற்சி கொடுத்ததால் சாவு குறைந்தது என்று யாராவது கணக்குப் பார்த்திருக்கிறார்களா? அமெரிக்கா, லண்டன் கணக்கு வேண்டாம். இன்னொன்று, இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் எதைக் கற்றுக்கொள்ளச் சொல்வீர்கள்?

வண்டி_இ.எம்.டி.:

சிஸ்டர், நான் 108-ல் இ.எம்.டி., அதாவது ஆம்புலன்ஸில் முதலுதவி செய்பவன். கணக்கு, ஆராய்ச்சியெல்லாம் பெரியவர்கள் சொல்லட்டும். நான் ரோட்டில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

நாங்கள் போய் இறங்கும்போது அடிபட்டவரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். எல்லாருக்கும் உதவ வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஓரமாகக் கிடத்தியிருப்பார்கள், தலை தொங்கிக்கொண்டு வந்திருக்கும். ரத்தம் கொட்டும் காலில் துண்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், துண்டுக்கு அடியில் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அதை அவிழ்த்து, காயத்தின் மேல் நேராகத் துணியை வைத்து, முழங்கையை மடக்காமல் நம் உடம்பு எடை முழுவதையும் இறக்கி அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்தியபடியே இருக்க வேண்டும். இதை டீக்கடைக்காரருக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

தூக்கிவிட்டால் போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இன்னும் போகவில்லை. உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ பிரிவாக அதைச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். பயிற்சியில் இதையும் ஐந்து நிமிடம் சொல்லுங்கள், உங்கள் ஆட்கள் ஊரில் போய்ச் சொல்வார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது ஒரே ஒரு ஆள் நின்று நாங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு அடிபட்டது, முதலில் பேசினாரா, வழியில் வாந்தி எடுத்தாரா, பி.பி. எப்போது இறங்கியது, எல்லாம் எங்களுக்குத் தெரியும். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எல்லாரும் நோயாளியைப் பெட்டுக்கு மாற்றப் போய்விடுவார்கள். பைலட் (எங்கள் டிரைவர்) வண்டியைத் திருப்பி நிறுத்தி அடுத்த கேஸுக்குக் கூப்பிடுவார். அந்தத் தகவலெல்லாம் என்னோடேயே திரும்பி வந்துவிடும்.

மயக்கவியல்_ஓய்வு:

சிஸ்டர், நான் அரசு மருத்துவமனைகளில் மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த மாதிரிப் பயிற்சிகளில் நிறைய வகுப்பு எடுத்திருக்கிறேன். உங்கள் டாக்டர் கேட்பது சரியான கேள்வி. அதற்குக் கணக்கோடு பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

டிரினிடாட்டிலிருந்து தொடங்குகிறேன். அங்கே பிறந்து டொராண்டோவில் சர்ஜனாக இருந்த ஜமீல் அலி, 1986-லிருந்து அந்த நாட்டு டாக்டர்களுக்கு ஏ.டி.எல்.எஸ். (படுகாயம் பட்டவருக்கு முதலில் செய்ய வேண்டிய உயிர்காப்புச் சிகிச்சை) பயிற்சி கிடைக்க வழி செய்தார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் போர்ட் ஆஃப் ஸ்பெயின் பொது மருத்துவமனையில் பதிவான படுகாயக் கேஸ்களை எடுத்து ஒப்பிட்டு 1993-ல் வெளியிட்டார். முன்பு 413 பேரில் 279 பேர் இறந்திருந்தார்கள். பிறகு 400 பேரில் 134 பேர். நூற்றுக்கு 67 என்றிருந்தது நூற்றுக்கு 34-க்கும் கீழே வந்தது.

ஆனால் இது முன்-பின் ஒப்பீடுதான். நடுவில் வேறு எதுவும் மாறவில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழுவினர் இந்தப் பயிற்சிகளைப் பற்றித் தேடிப் பார்த்தபோது, சாவு குறைகிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு முறையான ஒப்பீட்டுச் சோதனை எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் எழுதினார்கள். உங்கள் டாக்டர் இதைப் படித்திருந்தால் அவருடைய சந்தேகம் நியாயமானது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வட ஈராக்கிலும் கம்போடியாவிலும் நடந்தது. ஏனென்றால் உங்கள் இடத்தைவிட வசதி குறைந்த இடங்கள் அவை. கண்ணிவெடி புதைந்த வயல்கள், மலைக் கிராமங்கள். ஆம்புலன்ஸ் கிடையாது. அடிபட்டவர் ஆஸ்பத்திரி போய்ச் சேர சராசரியாக ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல். ஹான்ஸ் ஹூசம், மாட்ஸ் கில்பர்ட் என்ற நார்வே டாக்டர்கள் அங்கே உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். 135 பேருக்கு பாராமெடிக் பயிற்சி, கிராமத்து மக்கள் 5,200 பேருக்கு முதலுதவிப் பயிற்சி. 1997 முதல் 2001 வரை 1,061 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2003-ல் கணக்கைக் கொடுத்தார்கள். பயிற்சிக்கு முன்பு நூற்றுக்கு 40 என்றிருந்த சாவு அந்த ஐந்து ஆண்டுகளில் 14.9 ஆனது. அதிலும் 1997-ல் 23.9 ஆக இருந்தது 2001-ல் 8.8. ஈராக்கில் இதைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 17 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தப் பத்து ஆண்டுகளில் கண்ணிவெடிக் காயம் குறைந்து சாலை விபத்து கூடியது. அப்போதும் அதே ஆட்கள், அதே பயிற்சி கைகொடுத்தது.

அந்தப் பகுதிகளில் இந்தக் காலத்தில் ஹெலிகாப்டர் வந்துவிடவில்லை. மூச்சுக்குழாயைத் திறந்து வைத்தது, ரத்தத்தை நிறுத்தியது, உடம்பைச் சூடாக வைத்தது, கெட்டமின் கொடுத்து வலியைக் குறைத்தது என்று பெரும்பாலும் சின்னக் காரியங்கள்தான். அந்த இடத்தில் இருக்கிறவர் கையாலேயே, ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்துச் செய்தார்கள். திரும்பத் திரும்பக் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், ஒவ்வொரு நோயாளிக்கும் சீட்டு எழுதினார்கள். நம் ஊரில் நாம் கோட்டை விடுவது இந்த இரண்டையும்தான். இரண்டு நாள் வகுப்பு, சான்றிதழ், குரூப் போட்டோ. ஆறு மாதம் கழித்து அதே நர்ஸ் வேறு வார்டுக்கு மாற்றலாகியிருப்பார்.

ஏன் இந்தச் சின்னக் காரியங்கள் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கு. கானாவின் குமாசி, மெக்சிகோவின் மான்டெர்ரே, அமெரிக்காவின் சியாட்டில் என்ற மூன்று நகரங்களைச் சார்லஸ் மாக் என்ற சர்ஜன் ஒப்பிட்டார். பலத்த காயம் பட்டவர்களில் சியாட்டிலில் 35 சதவீதம் இறந்தார்கள், மான்டெர்ரேயில் 55, குமாசியில் 63. அமெரிக்கா வேண்டாம் என்றீர்கள், ஒப்பிட மட்டும் சொன்னேன். குமாசியில் இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன்பே இறந்திருந்தார்கள். அங்கே அப்போது அடிபட்டவரைக் கொண்டுவருவது டாக்சியும் பஸ்ஸும்தான். அதனால் மாக்கும் அவருடன் இருந்தவர்களும் லாரி, பஸ், டாக்சி ஓட்டுநர்கள் 335 பேரைப் பிடித்து ஆறு மணி நேர முதலுதவி வகுப்பு எடுத்தார்கள். சராசரியாகப் பத்து மாதம் கழித்து 71 பேரைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது 61 சதவீதம் பேர் யாருக்காவது முதலுதவி செய்திருந்தார்கள். நம் இ.எம்.டி. தம்பி சொன்ன டீக்கடைக்காரர் யோசனை வெறும் ஆசை இல்லை, செய்து பார்த்த காரியம்.

சரி, உங்கள் இரண்டு நாளுக்கு வருவோம்.

அரை நாளையாவது மூச்சுக்குழாய்க்கு ஒதுக்குங்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பைக்கில் விழுந்தவரைக் கொண்டுவருகிறார்கள். சாராய வாடை அடிக்கிறது. மல்லாந்து படுத்தபடி கொர்கொர் என்று குறட்டை விடுகிறார். “குடிச்சிட்டுத் தூங்குறான், விடுங்க, காலையில பார்த்துக்கலாம்” என்று கூட வந்தவர்களே சொல்வார்கள். தலையில் அடிபட்டவர் விடும் குறட்டையைத் தூக்கம் என்று நினைக்கவே கூடாது. நாக்கு பின்னால் சரிந்து பாதி வழியை அடைத்திருக்கிறது. தலைமாட்டில் நின்று, இரண்டு கை விரல்களையும் காதுக்குக் கீழே தாடையின் மூலையில் கொடுத்து முன்னால் தள்ளிப் பாருங்கள், கழுத்தை அசைக்காமல். குறட்டை நின்று, மூச்சு ஓசையில்லாமல் ஓடும். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 82-ல் இருந்து 95-க்கு ஏறுவதை ஒரு எம்.என்.ஓ. தன் கண்ணால் பார்த்துவிட்டால் வாழ்நாளில் மறக்க மாட்டார். அப்புறம் அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவது) தெரிந்தவர் வரும்வரை தாடையைப் பிடித்தபடி நிற்கலாம், உறிஞ்சி எடுக்கலாம், மாஸ்க்கும் பேகும் வைத்து மூச்சுக் கொடுக்கலாம். சக்‌ஷன் மெஷின் உங்கள் காஷுவால்டியில் எங்கே இருக்கிறது, ட்யூப் சரியாகப் பொருந்துகிறதா, பவர் கட் ஆனால் காலால் மிதிக்கும் சக்‌ஷன் இருக்கிறதா என்று முதல் நாள் காலையிலேயே எல்லாரையும் போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

இடுப்பெலும்பு உடைந்தவர்களுக்குப் பெட்ஷீட் கட்டு. இதை வாயால் விளக்க முடியாது, ஒருவரைப் படுக்க வைத்து எல்லாரும் கட்டிப் பார்க்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெல்ட் போடும் உயரத்தில் கட்டுவார்கள். அது தப்பு. தொடை எலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் இடத்தைச் சுற்றியே வரும்படி கீழே இறக்கிக் கட்ட வேண்டும், முழங்கால்களை ஒட்டவைத்து.

அப்புறம் குளிர். இதை யாரும் பொருட்டாகவே நினைப்பதில்லை. நம் ஊர் வெயிலில் குளிரா என்பார்கள். ரத்தம் இழந்தவரின் சட்டையை வெட்டி எடுத்து, ஃபேனுக்கு அடியில் படுக்க வைத்து, குளிர்ந்த டிரிப்ஸை இரண்டு மூன்று பாட்டில் வேகமாக விட்டால் உடம்பு சில்லிட்டுப் போகும். உடம்பு சில்லிட்டால் ரத்தம் உறையாது, உறையாவிட்டால் இன்னும் வடியும். காயத்தைப் பார்த்து முடித்தவுடன் கம்பளி போர்த்துங்கள். டிரிப்ஸையும் கண்மூடித்தனமாக ஏற்றக் கூடாது. முன்பு இரண்டு லிட்டர் என்று சொல்லிக் கொடுத்தோம், 2018-ல் வந்த ஏ.டி.எல்.எஸ். பதிப்பு ஒரு லிட்டரோடு நிறுத்தி ரத்தத்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் ஆசிட் ஊசி உங்கள் ஸ்டோரில் கண்டிப்பாக இருக்கும், பிரசவத்துக்காக வைத்திருப்பார்கள். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள், இந்திய ஆஸ்பத்திரிகளும் அதில் உண்டு. அடிபட்டு எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு ஒரு கிராமைப் பத்து நிமிடத்தில் ஏற்றி, பிறகு எட்டு மணி நேரத்தில் இன்னொரு கிராம் கொடுத்ததில் சாவு 16 சதவீதத்திலிருந்து 14.5-க்குக் குறைந்தது. ஆனால் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், அதைத் தாண்டினால் நன்மை போய்த் தீமை வரலாம். எத்தனை மணிக்கு அடிபட்டது என்று இ.எம்.டி. தம்பி சொல்ல வருவதை நிறுத்திக் கேட்க வேண்டியதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மானிட்டரா பயிற்சியா என்றால், மானிட்டரும் வேண்டும் என்றுதான் நான் எழுதிக் கொடுப்பேன். ஆனால் மானிட்டர் அலாரம் அடிக்கும்போது தாடையைத் தூக்கத் தெரிந்த கை பக்கத்தில் இருக்க வேண்டும்.

சர்ஜரி_பி.ஜி.:

மேடம் சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். நான் ரெஃபர் ஆகி வரும் கேஸ்களை வாங்கும் பக்கம் இருக்கிறேன்.

ஈராக், கம்போடியா கணக்கில் ஐந்தரை மணி நேரப் பயணத்தைத் தாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். மண்ணீரல் கிழிந்து அரை மணியில் போகிறவர் அந்தக் கணக்குக்குள்ளேயே வந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவருக்கு வேண்டியது தியேட்டரும் ரத்தமும்தான். தாலுகா அளவில் பயிற்சி கொடுத்தோம் என்று சொல்லிவிட்டு ரத்தம் வைக்க மறந்துவிட்டால் அது அநியாயம். தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 17,884 பேர் சாலை விபத்தில் இறந்திருக்கிறார்கள். ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் வந்த பிறகு முதல் 48 மணி நேரத்துக்குப் பணம் கட்டச் சொல்லி யாரையும் நிறுத்துவதில்லை, அது பெரிய விஷயம். ஆனால் பணத்தடை போனாலும் தூரம் அப்படியேதான் இருக்கிறது.

பயிற்சியில் ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். வயிற்றில் அடிபட்டு பி.பி. இறங்குகிறவரை எக்ஸ்ரே, லேப் ரிப்போர்ட் என்று ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டாம். முடிவெடுத்தவுடன் அனுப்புங்கள், அனுப்பும்போது எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். ரத்த குரூப் மட்டும் தெரிந்தால்கூட நாங்கள் இந்தப் பக்கம் ஏற்பாடு செய்து வைப்போம். இப்போது ரெஃபர் சீட்டில் ‘மேல் சிகிச்சைக்காக’ என்ற ஒரு வரியோடுதான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள்.

தாலுகா_சிஸ்டர்:

மூன்று பேருக்கும் நன்றி. மேடம், உங்கள் பதிலைப் பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் கொடுத்தேன். மாக் கணக்கைத்தான் இரண்டு தடவை படித்தார். “அப்போ ரோட்டுலயே பாதி முடிஞ்சிடுது” என்றார்.

இரண்டு கேள்வி. எம்.என்.ஓ.க்களை வகுப்பில் உட்கார வைக்கலாமா? மேலே ஒத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை, ‘டாக்டர், நர்ஸ்களுக்கு’ என்றுதான் பேச்சு. இன்னொன்று, பயிற்சியால் எங்கள் இடத்தில் ஏதாவது மாறியதா என்று நாங்களே எப்படித் தெரிந்துகொள்வது? எங்களிடம் இருப்பது ஏ.ஆர். புத்தகம் மட்டும்தான். அது போலீஸுக்காக எழுதுவது.

மயக்கவியல்_ஓய்வு:

எம்.என்.ஓ. இல்லாமல் இந்த வகுப்பை நடத்தவே வேண்டாம். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது அவர், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது அவர், சட்டையை வெட்டுவது அவர். நீங்கள் வெயின் தேடிக்கொண்டிருக்கும்போது சும்மா நிற்கும் இரண்டு கைகளும் அவருடையவைதான். கம்போடியாவில் கிராமத்து விவசாயியால் முடிந்தது இவரால் முடியாதா? ஆர்டரில் பெயர் இல்லாவிட்டால் ‘உதவியாளர்’ என்று சொல்லி உட்கார வையுங்கள். கழுத்தை அசைக்காமல் நான்கு பேர் சேர்ந்து நோயாளியைத் திருப்பும் பயிற்சிக்கு எப்படியும் ஆள் வேண்டும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சர்ஜரி டாக்டர் சொன்னது உண்மை. அதனால்தான் 40 சதவீதம் என்ற பழைய கணக்கைவிட, ஒரே முறையில் சீட்டு எழுதிய ஐந்து ஆண்டுகளுக்குள் 23.9-லிருந்து 8.8 ஆனதை நான் அதிகம் நம்புகிறேன். ரத்தத்துக்காக எழுதிக் கேட்பதை நிறுத்தாதீர்கள். ஆனால் தலைக்காயத்தோடு குறட்டை விட்டு, ஆக்ஸிஜன் இல்லாமல் வழியிலேயே மூளை சாகிறவருக்கு எந்த ரத்த யூனிட்டும் பதில் இல்லை.

கணக்குக்கு ஏ.ஆர். புத்தகம் வேண்டாம், தனியாக ஒரு நீள நோட்டுப் போடுங்கள். அடிபட்ட நேரம், வந்த நேரம், கிளம்பிய நேரம். வந்தபோது மூச்சு எண்ணிக்கை, நினைவு. கிளம்பும் முன் என்ன செய்தோம். கடைசிக் கட்டத்தில், மறுநாள் அதே நேரத்தில் உயிரோடு இருந்தாரா. இதற்கு மெடிக்கல் காலேஜ் விபத்து வார்டு சிஸ்டருக்கு தினமும் ஒரு போன் போட்டால் போதும், நர்ஸுக்கு நர்ஸ் கேட்டால் சொல்வார்கள். மூச்சை மட்டும் ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். எல்லா கேஸ் ஷீட்டிலும் ஆர்.ஆர். 18 என்றோ 20 என்றோ பழக்கத்தில் எழுதிவிடுகிறோம். ஹூசம் குழு அங்கே பார்த்ததில், யார் ஆபத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க மூச்சு எண்ணிக்கை நல்ல அடையாளமாக இருந்தது. அதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.

பயிற்சி தொடங்குவதற்கு முன்பே இந்த நோட்டை ஆரம்பித்துவிடுங்கள், அப்போதுதான் பிறகு ஒப்பிட முடியும். மாதம் ஒரு தடவை, ட்யூட்டி மாறும் நேரத்தில் அரை மணி நேரம், இறந்தவர்களின் வரிகளை மட்டும் எடுத்து எல்லாரும் சேர்ந்து படியுங்கள். யார் தப்பு என்று பேசாமல், எந்த நிமிடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று பேசுங்கள். அதே அரை மணியில் பெட்ஷீட் கட்டும் தாடைப் பிடியும் ஒரு முறை செய்து பார்த்துவிடலாம். புதிதாக மாற்றலாகி வந்தவர் முதலில் செய்யட்டும்.

உங்கள் டாக்டருக்கு மாக் கணக்கு பிடித்திருக்கிறது என்றால், இரண்டாம் நாள் மதியம் அவரையே ஷேர் ஆட்டோ, லாரி ஓட்டுநர்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்லுங்கள். நான்குவழிச் சாலை டீக்கடையில் இருபது பேர் கிடைப்பார்கள். தேதி முடிவானதும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பஸ்ஸில் வந்துவிடுவேன், பயிற்சி பொம்மையும் வாங்கி வருகிறேன்.